இரண்டு வீட்டுக்கு நடுவில் விழுந்த ஊசி

அரை மணி நேரம் இருந்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று மரகதம் சிஸ்டர் சொன்னபோது சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பது. ஜெயசீலி சரி என்று தலையை ஆட்டினாள். அவளுக்கு இது புதிதில்லை, இதே துணைச் சுகாதார நிலையம், இதே மர பெஞ்சு, இதே பிள்ளை, மூன்றாவது தடவை. இடது தொடையில் ஒன்று, வலது தொடையில் ஒன்று, வலது கையில் சின்னதாக ஒன்று, வாயில் சொட்டு மருந்து. எபி ஊரைக் கூட்டி அழுது, அழுகை ஓய்ந்து விம்மலாகி, விம்மல் பாலில் கரைந்து, இப்போது முலைக்காம்பை விடாமலே தூங்குகிறான். பஞ்சில் இருந்த ஸ்பிரிட் வாசமும் அவன் தலையில் இருந்த தேங்காய் எண்ணெய் வாசமும் ஒன்றாக வருகின்றன. சாயங்காலம் உடம்பு சுடும். சுடட்டும். சிஸ்டர் கொடுத்த சொட்டு மருந்து இருக்கிறது, எவ்வளவு என்று தெரியும், ஈரத்துணி இருக்கிறது, நாளைக்குப் பொழுது விடிந்தால் சிரிப்பான். மருந்து உள்ளே போய் வேலை செய்கிறது என்பதற்கு அந்தச் சூடுதான் அடையாளம் என்று சிஸ்டர் முதல் ஊசியன்றே சொல்லியிருந்தார். கர்த்தாவே, வேலை செய்யட்டும், நீர் பார்த்துக்கொள்ளும் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்ன கையோடு விரலைக் கொண்டுபோய் அவன் மூக்கின் கீழே வைத்தும் பார்த்துக்கொண்டாள். மூச்சு வெதுவெதுவென்று வந்தது. ஜெபித்தபின் தொட்டுப் பார்ப்பது அவநம்பிக்கை ஆகாது, தாய்க்கு அந்தச் சலுகை உண்டு என்பது அவளுடைய எண்ணம். மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கீச்சிட்டது. நான்கு கீச்சுக்கு ஒரு மூச்சா, மூன்று கீச்சுக்கு ஒரு மூச்சா என்று எண்ணத் தொடங்கினாள், ஏழாவது கீச்சில் அந்தச் சொல் மறுபடியும் வந்து தட்டியது. அம்மா வீட்லயே போட்டாச்சு சிஸ்டர்.

சொன்னவள் இதோ பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், சுகிர்தா, கொழுந்தன் பெண்டாட்டி, மடியில் மூன்றரை மாதப் பெண்குழந்தை. போன சனிக்கிழமைதான் தாய்வீட்டில் இருந்து பிள்ளையோடு வந்தாள். இன்றைக்கு ஊசிக்கென்று அவள் வரவில்லை, அக்காவுக்குத் துணையாகப் பையைப் பிடித்துக்கொள்ள வந்தவள். இடுப்பில் பிள்ளையைப் பார்த்ததும் மரகதம் சிஸ்டர் விடுவாரா, பாப்பாவுக்கு எத்தனை வாரம், பதினாலாவது வாரத்து ஊசி ஆயிட்டா, அட்டை எங்கே என்று கேட்டுவிட்டார். அதற்குத்தான் சுகிர்தா சொன்னாள், அம்மா வீட்லயே போட்டாச்சு சிஸ்டர், அட்டையும் அங்கனதான் இருக்கு. இங்கே கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்றால் இரண்டு நாளாக நெட் இல்லை. அந்த ஊர் சிஸ்டருக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை, புதன்கிழமை அவருக்கும் ஊசி நாள்தானே, கையில் பிள்ளையும் ஊசியுமாக நிற்கிறவள் போனை எங்கே எடுப்பாள். அப்போ அடுத்த புதன் அட்டையோட வாளா என்று சொல்லிவிட்டுத் தன் நோட்டில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். சரி சிஸ்டர் என்றாள் சுகிர்தா. அடுத்த புதன் அவள் எங்கே இருப்பாள்? வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் புருஷன் தேவதாஸ் அவளையும் பிள்ளையையும் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறான், கம்பெனி பக்கத்திலேயே வீடு பிடித்திருக்கிறான், கட்டிலும் அடுப்பும்கூட வாங்கிப் போட்டாயிற்று. அந்த ஊரில் இவளை யார் என்று எவருக்குத் தெரியும், யார் இடுப்பைப் பார்த்து எத்தனை வாரம் என்று கேட்பார்கள்?

நமக்கென்ன, போட்டிருப்பாள். படித்த பிள்ளை, பன்னிரண்டு முடித்தவள், போடாமலா இருப்பாள். ஆனால் விரல் ஒத்துக்கொள்ளவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாப்பாவைக் காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டியது ஜெயசீலிதான். எண்ணெய் தேய்த்து உருவிவிடும்போது அவள் கை தானாகத் தொடைக்குப் போய் ஊசிக் கட்டியைத் தேடியது, எபிக்குப் பத்தாவது வாரத்து ஊசியில் வந்த கட்டி ஒரு புளியங்கொட்டை அளவுக்கு இருபது நாள் இருந்ததே. இந்தப் பிள்ளைக்கு இரண்டு தொடையும் வெண்ணெய். எல்லாப் பிள்ளைக்கும் கட்டி வருவதில்லை, வராவிட்டால் போடவில்லை என்று அர்த்தமும் இல்லை, அதுவும் அவளுக்குத் தெரியும். கட்டி கிடக்கட்டும். சனிக்கிழமை அடுப்படியில் பலகாரத் தட்டை இறக்கி வைத்துக்கொண்டே சுகிர்தாவின் அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். சிரிச்ச முகமா கொண்டு வந்து விடணும்னு பாத்துப் பாத்து வச்சிருந்தோம் மைனி. அதை மாமியாரிடம், அத்தையிடம்தான் சொன்னாள், முறுக்கைப் பாத்திரத்தில் அடுக்கிக்கொண்டிருந்த ஜெயசீலியின் கைதான் நின்றுவிட்டது. பாத்துப் பாத்து. அவளுடைய அம்மாவும் இதே சொல்லைத்தான் சொன்னாள், மூத்தவள் பெர்சிஸுக்கு நான்கு மாதம் ஆகப்போகிற சமயம். சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வேன் பிடித்து வருகிறார்கள், தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போக. புதன்கிழமை மூன்றாவது ஊசி. முதல் இரண்டுக்கும் பிள்ளை இரண்டு நாள் வாடிப்போய்க் கிடந்தது. இப்போ குத்தினா காய்ச்சலும் அழுகையுமா அனுப்பினோம்னு காலத்துக்கும் ஒரு பேரு நிக்கும்ளா, அங்கயும் நர்ஸம்மா இருக்கா, அங்க போய்ப் போட்டுக்கோ, பிள்ளைய நான் பாத்துப் பாத்து வச்சிருக்கேன் என்றாள் அம்மா. அம்மா சொன்னதில் கள்ளம் ஒன்றும் இல்லை. ஆசைதான். கன்னத்தில் பொட்டு வைத்து, புது உடுப்பு போட்டு, எல்லாருடைய கைக்கும் போய்ச் சிரிக்கிற பிள்ளையாக அனுப்பவேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையில் ஒரு புதன்கிழமை போயிற்று.

பெர்சிஸோடு இந்த வீட்டுக்கு வந்தால் இங்கேயும் ஆசைதான். போதகர் வந்து ஜெபித்து, தெருவே வந்து பார்த்து, இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்குப் பிள்ளை போய்க்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் மெதுவாக ஆரம்பித்தாள், நாளைக்கு ஊசி என்று. அத்தை வெற்றிலையைக் கிழித்துக்கொண்டு சொன்னாள், நம்ம வீட்டுக்கு வந்து மூணு நாளுதான் ஆகுது, வந்ததும் வராததுமா பிள்ளைய அழ வைக்கணுமா, ஏன், அங்க போட்டுக் கூட்டிட்டு வரலியா? சொந்தக்காரப் பெண்கள் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அங்க போட்டுக் கூட்டிட்டு வரலியா என்பதில் அம்மாவின் பேர் இருந்தது, அம்மா வீட்டின் பேர் இருந்தது. இருபத்திரண்டு வயசு அவளுக்கு. போட்டாச்சு அத்தை என்று சொன்னாள். அவ்வளவுதான். ஒரு மூச்சில் வந்து ஒரு மூச்சில் போன சொல். இரண்டு வாரம் கழித்து இதே மரகதம் சிஸ்டர் வீட்டுக்கே வந்து கேட்டபோது அத்தை பக்கத்தில் நின்றாள், அதனால் சிஸ்டரிடமும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று, அம்மா வீட்லயே போட்டாச்சு சிஸ்டர், அட்டையும் அங்கனதான் இருக்கு. சிஸ்டர் நம்பினார். ஏன் நம்பமாட்டார், எந்தத் தாய் தன் பிள்ளை விஷயத்தில் பொய் சொல்லுவாள்? அங்கே இருக்கிற சிஸ்டர் இங்கே போட்டிருப்பார்கள் என்று நினைத்திருப்பார். இங்கே இருக்கிறவர் அங்கே போட்டாயிற்று என்று எழுதிக்கொண்டார். இரண்டு வீடும் பிள்ளையை அழவைக்காமல் கைமாற்றிக்கொண்டன, ஊசி நடுவில் விழுந்துவிட்டது.

எபி காலை உதைத்தான். வலிக்கிறதோ என்று குனிந்தாள், கனவுதான், உதடு கோணிச் சிரிக்கிறான். நேரம் பதினொன்று ஐந்து. மரகதம் சிஸ்டர் மேசையில் காலியான சின்னக் குப்பிகளை எண்ணி நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். நீல நிற ஐஸ் பெட்டியின் மூடி இன்னும் திறந்துதான் இருக்கிறது, உள்ளே இருந்து குளிர்ச்சி புகையாக எழும்பிக் காற்றில் காணாமல் போகிறது. பதினொன்றரைக்கு அவர் கீழத்தெரு அங்கன்வாடிக்குப் போகவேண்டும். பெட்டியை மூடி ஸ்கூட்டியில் கட்டிவிட்டால் முடிந்தது. இப்போது சொன்னால் உண்டு. சொல்வதென்றால் எதைச் சொல்வது, உன் பிள்ளைக்குப் போடவில்லை என்றால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்பாள், எப்படித் தெரியும் என்பதற்குப் பதில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பதிலைத் தொட்டால் பெர்சிஸ் இருமத் தொடங்குவாள். டிசம்பர் மாதம், எட்டு மாதப் பிள்ளை. முதலில் சாதாரண சளிபோல வந்தது. பிறகு ஒரு மத்தியானம் அவள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது பாயில் கிடந்த பிள்ளை இருமியது, இருமி, இருமி, நடுவில் மூச்சு எடுக்க இடமே இல்லாமல் இருமி, கடைசியில் காற்றை இழுக்கும்போது கொக்கரிப்பதுபோல ஒரு சத்தம், முகம் சிவந்து, நீலமாகி, உதடு நாவல்பழத் தோல்போல ஆகி. சோறு ஒட்டின கையோடு தூக்கிக்கொண்டு ஓடினாள். கக்குவான் என்று டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். பதினோரு நாள் அங்கே, பிறகு வீட்டில் இரண்டரை மாதம். அந்த டாக்டர் கேட்டார், மூணு ஊசியும் போட்டிருக்கீங்கள்ல? அவளுக்குப் பின்னால் அத்தை மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயசீலி தலையை ஆட்டினாள். ஊசி போட்ட பிள்ளைக்கு இவ்வளவு கடுமையா வாறது அபூர்வம் என்று டாக்டர் தனக்குள் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு எழுதினார். பிள்ளை பிழைத்தது. இரண்டு ஊசியாவது போட்டிருந்தோமே, அதுதான் அந்த மட்டுக்கும் கைகொடுத்தது என்று இவள் பிற்பாடு விளங்கிக்கொண்டாள். பிழைத்த மறுமாதமே யாருக்கும் சொல்லாமல் வேறொரு ஊர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப்போய், முகம் தெரியாத ஒரு நர்ஸிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, விட்டுப்போனதைப் போட்டுக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் ஏசக்கூட இல்லை, இனி விடாதீங்க என்று மட்டும் சொன்னாள். அறியாதவளிடம் உண்மை சொல்ல என்ன கஷ்டம், தண்ணீர் கேட்பதுபோலச் சொல்லிவிடலாம்.

அறிந்தவர்களிடம்தான் நாக்கு எழாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் விடியற்காலத்துப் பஜனைக்கு அத்தைதான் பெர்சிஸைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள், பேத்தியைச் சபையார் எல்லாருக்கும் காட்டவேண்டும் என்று, கம்பளித் தொப்பி போட்டு, சால்வை சுற்றி. அடுத்த வாரம் இருமல். நான்தானே பனியில தூக்கிட்டுப் போனேன் என்று அன்று சொல்லத் தொடங்கினவள் இந்த டிசம்பர் வந்தால் ஐந்து வருஷம் ஆகிறது, இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெர்சிஸ் லேசாகத் தும்மினால் போதும், அத்தையின் முகம் விழுந்துவிடும். அதன்பிறகு அவள் பஜனைக்கே போகவில்லை. நல்ல குரல் அவளுக்கு, சபையில் முதல் அடி எடுத்துக் கொடுக்கிறவள், இப்போது மார்கழிப் பனியில் பாட்டுச் சத்தம் தெருவில் வரும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறாள். ஜெயசீலி அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பனியினால் இல்லை அத்தை என்று எத்தனை தரம் வாய்வரை வந்தது. வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, விடுங்க அத்தை, கர்த்தர் காப்பாத்திட்டாருல்லா என்று சொல்லியிருக்கிறாள். அவர் காப்பாற்றினார், சந்தேகமில்லை. ஆனால் அவர் கையில் கொடுத்ததை இவள் வாங்கிக்கொள்ளாமல் விட்டாளே, அதற்கும் சேர்த்து அவர் பேரையே சொன்னால் எப்படி? ஊசியும் அவர் கொடுத்த அறிவில் வந்ததுதானே, டாக்டருக்கும் நர்ஸுக்கும் அந்தக் குப்பிக்கும் அவள் தினம் காலையில் ஜெபிக்கிறாள். ஜெபத்தில் எல்லாம் வருகிறது, அந்த ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் வருவதில்லை. அவருக்குத் தெரிந்ததை எதற்குச் சொல்லவேண்டும் என்று இத்தனை நாளாகத் தாண்டிப் போய்விட்டாள். அவருக்குத் தெரியும். சுகிர்தாவுக்குத் தெரியாதே. கோயம்புத்தூரில் ஒரு மத்தியானம் அவள் தனியாக, சோறு ஒட்டின கையோடு, எந்தப் பக்கம் ஓடுவாள்?

டக் என்று சத்தம் கேட்டது. மரகதம் சிஸ்டர் ஐஸ் பெட்டியின் மூடியை எடுத்து மேலே வைத்தார், இன்னும் அழுத்தவில்லை. ஜெயசீலிக்கு அப்போது பயமாக இருந்ததா என்றால், இல்லை. ஆச்சரியமாகத்தான் இருந்தது, இத்தனை லேசாகவா என்று. எபியைத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் திரும்பி, சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னாள்.

“சுகிர்தா, பாப்பாக்கு மூணாவது ஊசி போடல, என்ன?”

சுகிர்தா பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டாள். போட்டாச்சுக்கா என்றாள், தரையைப் பார்த்து.

“நானும் இப்படித்தான் தரையப் பாத்துச் சொன்னேன். பெர்சிஸுக்குப் போடாமத்தான் இந்த வீட்டுக்கு வந்தேன். போட்டாச்சுன்னு அத்தைட்ட சொன்னேன், சிஸ்டர்ட்ட சொன்னேன், டாக்டர்ட்டயும் சொன்னேன். அவ இருமினதை நீ பாக்கல. அப்ப நீ வரல. நான் பாத்தேன்.”

மரகதம் சிஸ்டர் மூடியில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார். ஐந்து வருஷத்துக்கு முந்தி அவர் நம்பி எழுதின எழுத்து அவருக்கு ஞாபகம் இருந்திருக்குமோ என்னவோ. ஜெயசீலி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். ஏசட்டும் என்று இருந்தாள்.

சுகிர்தாவின் கண் நிறைந்துவிட்டது. எங்க அம்மாதான் வேண்டாம்னாக்கா, போன புதன்கிழமை நான் கிளம்பித்தான் இருந்தேன், காய்ச்சலோட போனா உங்க அத்தை என்ன நினைப்பாவன்னு அம்மா சொன்னா, இங்க வந்து கேப்போம்னு பாத்தா பிள்ளைய ஆளாளுக்குக் கொஞ்சுதாவ, எப்படிக் கேக்க என்று அவள் கோத்துக்கொண்டே போனாள். கேட்கக் கேட்க ஜெயசீலிக்குத் தன் வாயே பேசுவதுபோல இருந்தது.

“உங்க வீட்டு மருமக்கமாருக்கு இதை யாரும் எழுதிக் குடுத்திருக்காவளோ,” என்றார் சிஸ்டர். குரலில் கோபம் இருந்தது, ஆனால் கை அதற்குள் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டது. “ஒரு வாரம்தான் பிந்தியிருக்கு, ஒண்ணும் கெட்டுப்போகல. பிள்ளைக்குக் காய்ச்சல் ஏதும் இருக்கா? முதல் ரெண்டுக்கும் என்ன செஞ்சுது? சொல்லு, இந்தத் தடவை மேல பாத்துச் சொல்லு.” தாய்வீட்டில் எந்தெந்தத் தேதி என்னென்ன போட்டது என்று சுகிர்தா ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த ஊர் நம்பருக்கு சிஸ்டர் மறுபடி போன் போட்டார், இந்தத் தரம் எடுத்தார்கள். இரண்டு ஊசி ஆயிருக்கு, மூணாவதுக்குத்தான் தாயும் பிள்ளையும் வரல, அங்க மாமியார் வீட்ல போட்டிருப்பாகன்னு நினைச்சேன் என்று அங்கிருந்து ஒரு குரல் சொல்வது பெஞ்சுவரைக்கும் கேட்டது. கோயம்புத்தூரில் எந்தப் பகுதி என்று சிஸ்டர் சுகிர்தாவிடம் கேட்டு எழுதிக்கொண்டார், ஒன்பதாம் மாத ஊசிக்கு அங்கே யாரைப் பார்க்கவேண்டும் என்று இன்றே விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து குப்பியை எடுத்தார். சுகிர்தா பாப்பாவைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். ஜெயசீலி ஒரு கையால் எபியைத் தோளில் அணைத்துக்கொண்டு மறு கையால் அந்த வெண்ணெய்த் தொடையைப் பிடித்துக்கொண்டாள்.

பாப்பா வீறிட்ட நேரத்தில்தான் ஜெயசீலியின் போன் அடித்தது. அத்தை. என்னளா இன்னும் காணோம், மீன் குழம்பு இறக்கிட்டேன், அது யாரு அழுதா, எபியா என்று கேட்டாள். ஜெயசீலி வாசலுக்கு வந்தாள். வெயிலில் கண் கூசியது. வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, பிள்ளைகளைக் கிடத்திவிட்டு, ஆற அமர உட்கார்ந்து சொல்லலாம் என்று ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தது. அந்த எண்ணத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும், ஐந்து வருஷமாக அதுதான் அவளோடு குடித்தனம் நடத்துகிறது.

“எபி இல்ல அத்தை, பாப்பா. அவளுக்கு மூணாவது ஊசி அங்க போடல, இப்பப் போடுதோம். அத்தை, பெர்சிஸுக்கும் நான் அன்னிக்குப் போடல. போட்டாச்சுன்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன். அவளுக்கு இருமல் வந்தது உங்க பனியினால இல்ல. பனியில கக்குவான் வராது. அது நான் விட்ட ஊசி.”

போன் போய்விட்டதோ என்று எடுத்துப் பார்த்தாள், நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அத்தை மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அடுப்படியில் ஏதோ பாத்திரத்தை அத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். ஜெயசீலி மன்னிப்பு என்ற சொல்லைத் தேடினாள், தேடினது கிடைத்தும் சொல்லவில்லை, அதையும் சொல்லி அவளை அவசரப்படுத்தக்கூடாது என்று பட்டது. காத்துக்கொண்டு நின்றாள்.

“எபிக்கு மூணும் ஆயிட்டா?” என்றாள் அத்தை கடைசியில்.

“ஆயிட்டு அத்தை.”

“பாப்பாக்கு?”

“இப்பதான் முடிஞ்சுது.”

உள்ளே பாப்பாவின் அழுகை ஏறி, தெருவைத் தாண்டி, போனுக்குள்ளும் போயிருக்கவேண்டும். அத்தை அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அழட்டும்,” என்றாள்.